கரித்தூள்

'நோயாளி சொன்னது' என்ற கட்டத்தில்
டாக்டர் செந்தாயுஷ் அப்படியே எழுதியிருந்தார்:
"கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்."

ஹொங்கோர்சுல். நாற்பத்தொன்று. கிரேன் ஓட்டுநர்.
பத்தொன்பது மாடி உயரத்தில் தொங்கும் கூண்டு.
உலான்பாத்தரின் ஜனவரியில்
வீட்டுக்கு வீடு அடுப்பு நிலக்கரி தின்கிறது;
புகை வேறெங்கே போகும்.
கரித்தூள் பறக்கிறதென்று நினைத்தாள்.
மூன்று வாரம் துடைத்தாள்,
வெளிப்பக்கம், உட்பக்கம், எச்சில் தொட்டும்.
பிறகு ஒரு ஞாயிறு, வீட்டில்,
வெள்ளைச் சுவருக்கு எதிரே தேநீர் குடிக்கையில்
அது கூடவே வந்திருந்தது.

கண் சிவக்கவில்லை. வலி இல்லை. பீளை இல்லை.
சிவக்க வேண்டுமென்றால் உள்ளே யாராவது சண்டை போட வேண்டும்.
தம்பி கொடுத்த சிறுநீரகத்தை
அந்நியமென்று அடித்துத் துரத்திவிடாமலிருக்க
அவள் உடம்பின் காவலையெல்லாம்
வேளை தவறாத மாத்திரையால் உறங்க வைத்திருக்கிறார்கள்.
புகுந்தவன் விளக்கைக்கூட அணைக்கவில்லை.
அறை அறையாகக் காலி செய்கிறான்.
நாய் குரைக்கவில்லை.

அவள் முகம் எனக்குத் தெரியாது.
பனிக்கட்டிப் பெட்டியில் வந்தது ஒரு குழாய்;
சாய்த்தால்தான் தெரிகிற ஈரம் அதன் அடியில்.
கருவிழிக்குப் பின்னாலிருந்து ஊசியில் எடுத்த
இரண்டு சொட்டு. அழுதால் இதைவிட அதிகம் வரும்.
இதிலேயே அக்கி வைரஸுக்குப் பங்கு,
ஹெர்ப்பிஸுக்குப் பங்கு,
சைட்டோமெகலோவுக்கு, டாக்ஸோபிளாஸ்மாவுக்கு.
குழம்பு குறைந்த பந்தியில்
கடைசி இலைவரை எட்டவேண்டுமே என்ற பயத்தோடு பரிமாறினேன்.
மிஞ்சியதை மூடி வைத்தேன்.

கடைசிக் குழியில் வெறும் தண்ணீர்.
அதில் ஒன்றும் முளைக்கக் கூடாது. அதற்காகத்தான் அது.

இருபத்தொன்பதாம் சுற்றில்
சைட்டோமெகலோவின் கோடு தலை தூக்கியது.
நாற்காலியில் நிமிர்ந்தேன்.
முப்பத்தாறில் தண்ணீரும் தூக்கியது.

என் கையுறையா, மேஜையா,
நேற்றுச் சோதித்த வேறு யாருடைய கண்ணா?
பதினோரு வருட வேலையில்
தண்ணீரைப் பார்த்து இப்படிக் கூசியதில்லை.

தொலைபேசியில் சொன்னேன்: "இருக்கிறது. ஆனால் நம்பாதீர்கள்."
அந்தப் பக்கம் நீண்ட மௌனம்.
"நான் உள்ளே பார்த்தேன். ரத்தக் குழாய் ஓரமாய் வெள்ளைத் திட்டு,
நடுவில் ரத்தச் சிதறல். எனக்குத் தெரியும்.
தெரியும் என்றுதான் போன வருடம் ஒருவரிடமும் சொன்னேன்."
பிறகு:
"இந்த மருந்து அவளிடம் மிச்சமிருக்கும் வெள்ளணுக்களையும் தின்னும்.
கொடுக்காவிட்டால் கண்.
இன்றிரவே முதல் ஊசி. தப்பென்றால் நிறுத்துகிறேன்.
நீ சரியாகச் சொல். சீக்கிரம் வேண்டாம்."

மேஜையை பிளீச்சால் கழுவினேன்.
பிப்பெட்டை மாற்றினேன், அறையை மாற்றினேன்,
புதிய தண்ணீர்.
மிச்ச ஈரம் ஒரே ஒரு ஓட்டத்துக்குத்தான் வந்தது.
கை நடுங்கவில்லை என்று எழுத ஆசை.

இரவு ஒன்றே முக்காலுக்குத்
தண்ணீர் தண்ணீராகவே படுத்திருந்தது.
அவள் கோடு மட்டும் எழுந்தது,
அதே இருபத்தொன்பதில்.

தம்பியின் சிறுநீரகத்தோடே அது வந்திருக்கலாம்.
அவள் குழந்தையாயிருந்தபோதே
யாருடைய முத்தத்திலோ வந்து ஒளிந்திருக்கலாம்.
அறிக்கையில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை.
'உறுதி' என்று தட்டச்சு செய்தேன். கையெழுத்திட்டேன்.

விடியும்போது ஜன்னலில்
கறுப்பாய் ஏதோ அசைந்தது.
இடக்கண்ணை மூடிப் பார்த்தேன். வலக்கண்ணை மூடிப் பார்த்தேன்.
எழுந்துபோய் விரலால் துடைத்தேன்.

போயிற்று.
விரல் நுனியில் கரி.
வெகுநேரம் அதைக் கழுவாமல் இருந்தேன்.